சித்தியின் ஏழு குடங்கள்

எந்த ஊரில் அறை பிடித்தாலும் நான் முதலில் வாங்குவது ஒரு குடம். பாய்கூட அப்புறம்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தபோதும், கொச்சிப் பக்கம் இறால் உரிக்கப் போனபோதும், ஓசூரில் ஒரு விடுதியில் பாத்திரம் தேய்த்தபோதும் அப்படித்தான். கூடத் தங்கியிருந்த பெண்கள் சிரிப்பார்கள். குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது, இவள் எதற்குக் குடத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்பார்கள். பழக்கம் என்று சொல்லி வாயை மூடிக்கொள்வேன். அந்தப் பழக்கம் என் சித்தியிடமிருந்து எனக்கு வந்தது. பதிலுக்கு எங்களிடமிருந்து அவளுக்கும் ஒன்று போனது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

படித்தது எட்டாவது வரைக்கும். அதிலும் பாதி நாள் பள்ளிக்கூடத்துக்கு வெளியேதான் கழிந்தது. மாத்திரை அட்டையைக் கண்ணிலிருந்து எட்டப் பிடித்துப் படிக்கிற என் வயதுக்காரர்கள், பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே, தென்கால் ஓரத்தில் இருக்கிறது. அணையிலிருந்து பிரிந்து வரும் வாய்க்காலுக்குத் தென்கால் என்று பெயர். எங்கள் தெருவின் புறவாசல்கள் எல்லாம் அந்த வாய்க்காலைப் பார்த்துத்தான் இருக்கும். பின்கதவைத் திறந்தால் நாலு படி, அப்புறம் தண்ணீர். குளிப்பது, துவைப்பது, மாடு கழுவுவது எல்லாம் கீழ்ப்படியில். குடிக்க எடுப்பது விடியற்காலையில், யாரும் இறங்கிக் கலக்குவதற்கு முன்னால். எந்த வீட்டு அடுக்களையிலும் ஒரு குடத்துக்கு மேல் இருக்காது. அதுவும் பாதிதான் நிறைந்திருக்கும். தீர்ந்தால் எட்டிப் போய் மொண்டுகொண்டு வந்தால் போயிற்று.

வாய்க்கால் மடைகளைத் திறப்பதும் அடைப்பதும் அப்பாவின் வேலை. எந்த வயலுக்கு எத்தனை நேரம் தண்ணீர் என்று அவர்தான் முடிவு சொல்வார். அதனால் அப்பாவுக்கு ஒரு மிதப்பு உண்டு. வறண்ட ஊர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், அங்கே உள்ளவர்கள் எல்லாரும் ஏதோ தப்பு செய்துவிட்டுப் போய்க் குடியேறியதைப் போலப் பேசுவார். "பாவம், அவனுவளுக்கு அம்புட்டுத்தான் குடுத்துவச்சிருக்கு" என்பார். சொல்லிவிட்டு வாய்க்காலைப் பார்ப்பார். ஏதோ அவரே வெட்டிவிட்டதைப் போல.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் சித்தி வாழ வந்தாள். அப்பாவின் தம்பி பெண்டாட்டி. தேரிக்காட்டுப் பக்கம் பிறந்தவள். செம்மணல் மேடும் பனையுமாகக் கிடக்கும் ஊர். நல்ல தண்ணீருக்கு ஒன்றரை மைல் நடக்க வேண்டுமாம். சீர்வரிசையில் நகை கொஞ்சமாகத்தான் இருந்தது. ஆனால் வேனிலிருந்து பித்தளைக் குடங்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. ஏழு. ஒவ்வொன்றின் கழுத்திலும் அவள் பெயரின் முதல் எழுத்தை வெட்டியிருந்தார்கள்.

"வாய்க்காலுக்குப் பக்கத்துல பொண்ணைக் குடுத்துட்டு, ஏழு குடத்தைக் குடுத்து அனுப்பியிருக்காங்களே" என்று எதிர்வீட்டு அத்தை தாடையில் கைவைத்துக்கொண்டாள். "இதை வச்சு என்ன செய்யப்போறா? ஆத்தை மொண்டு அங்கன கொண்டு போறாளோ?"

மறுநாள் காலையில் நாங்கள் எழுந்திருக்கும்போது ஏழு குடமும் நிறைந்து, அடுக்களைச் சுவரோரம் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணி கட்டியிருந்தது. அடுக்களைக்குள் நுழைந்தால் ஒரு குளிர்ச்சி. பித்தளை வியர்த்த வாசனை, ஈரத் துணி வாசனை. நான் போய்க் கன்னத்தை ஒரு குடத்தில் வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. அம்மா என்னை இழுத்து, "அதை என்னட்டி கொஞ்சிக்கிட்டு இருக்கே?" என்றாள்.

அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது வரிசையைப் பார்த்தார்.

"ஏம்மா, ராத்திரியோட ராத்திரியா ஆத்தை யாரும் களவாண்டுட்டுப் போயிருவாங்கன்னு பயமா?"

சித்தி தலையைக் குனிந்தபடியே சொன்னாள். "களவாண்டுட்டா என்ன அத்தான் செய்வீங்க?"

அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லி வாய்க்கால் படியில் ஒரு வாரம் சிரித்தார்கள். சித்திக்குப் பெயரும் வந்தது. குடத்துக்காரி.

அவள் தண்ணீரைப் புழங்கும் விதமே எங்களுக்கு வேடிக்கை. அரிசி களைந்த தண்ணீரைச் சட்டியில் பிடித்து மாட்டுக்கு வைப்பாள். பாத்திரம் அலசிய தண்ணீர் வாழை மூட்டுக்குப் போகும். கை கழுவுகிற தண்ணீர்கூட எங்கே விழ வேண்டும் என்று அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. நாங்கள் வேண்டுமென்றே அவள் முன்னால் ஒரு செம்புத் தண்ணீரை முற்றத்தில் வீசிக் கொட்டுவோம். அவள் முகம் சுருங்கும். அதைப் பார்க்க எங்களுக்கு ஆசை. அந்த வயதில் கொடுமை என்று தெரியாது. இப்போது தெரிகிறது.

ஏழு குடமும் ஒரே நாளில் காலியாகிவிடவில்லை. முதலில் ஒன்று, அடுத்த தெருக் கல்யாணத்துக்கு இரவல் போய் நாலு மாதம் கழித்து நசுங்கி வந்தது. அதைப் பரணில் தூக்கிப் போட்டார்கள். இன்னொன்றில் அம்மா உளுந்து போட்டு வைத்தாள். "சும்மாதானே நிக்கி" என்றாள். மூன்றாவதை நான் எடுத்தேன்.

நீச்சல் பழக எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குக் குடம்தான் துணை. காலிக் குடத்தைக் கவிழ்த்து, அதன்மேல் வயிற்றை வைத்துப் படுத்தால் மிதக்கும். காலை உதைத்துக்கொண்டு போகலாம். எங்கள் வீட்டு அலுமினியக் குடத்தில் ஓட்டை. "சித்தி, ஒரு குடம் தாங்களேன்" என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். குடத்தில் இருந்த தண்ணீரை எங்கே ஊற்றுவது என்றுதான் யோசித்தாள். கடைசியில் துளசிச் செடிக்கு ஊற்றிவிட்டுக் குடத்தை என் இடுப்பில் வைத்தாள். படியில் உட்கார்ந்து நான் மிதப்பதைப் பார்த்தாள். தண்ணீருக்குள் காலை விட்டு, பிறகு முழங்கால்வரை இறங்கி, பிறகு கழுத்துவரை இறங்கினாள். அந்தக் கோடை முழுவதும் நானும் அவளும் ஒரே குடத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்தோம். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். "எங்க ஊர்ல இம்புட்டுத் தண்ணியை ஒண்ணாப் பாத்தா பயந்துருவாங்கட்டி" என்று சொல்லிச் சிரித்தாள்.

சித்திக்கு ஒரு பிள்ளை பிறந்தபோது வரிசையில் தண்ணீர் இருந்தது இரண்டு குடத்தில். பிள்ளைக்கு எட்டு மாதம் ஆனபோது ஒன்றில். அதுவும் எங்களைப் போலவே பாதி. மற்றக் குடங்கள் எல்லாம் சுவரோரம் காலியாக நின்றன. தூசி படியாமல் துடைத்து மட்டும் வைப்பாள்.

இங்கே அடிபம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெருமுனையில் அரசாங்கம் ஒரு அடிபம்பு போட்டிருந்தது. போட்ட நாளில் பத்துப் பேர் அடித்துப் பார்த்தார்கள். தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்றார்கள். அதோடு சரி. எங்கள் ஊரில் பிள்ளைகள் அதில் ஏறி உட்கார்ந்து குதிரை ஓட்டுவார்கள். ஒருநாள் மடைப்பலகை இறுகிக்கொண்டு மேலே வரவில்லை. நெம்புவதற்கு வாகான இரும்பு தேடிய அப்பா, அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு போனார். நன்றாக நெம்பியது. அப்புறம் அது மடையிலேயே கிடந்தது. கைப்பிடி எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்தில் வாய்க்கால் ஓடிக்கொண்டிருக்கும்போது யார் கேட்பார்கள்?

அந்தக் கார்த்திகையில் மேற்கே மலை தெரியவில்லை. மூன்று நாளாக அந்தப் பக்கம் கறுத்தே கிடந்தது. எங்கள் ஊரில் தூறல்தான். வாய்க்கால் லேசாகச் சிவந்திருந்தது. சாயங்காலம் விளக்கு வைக்கும் முன்னால், சித்தி புறவாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாள். பிள்ளை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"புதுத் தண்ணி மணம் அடிக்கு. மேல கனத்த மழை போல. ஏட்டி, அந்த ஏழு குடத்தையும் எடுத்து நிறைச்சு வச்சிருவோமா? நீ மொண்டு தா, நான் பரண் மேல ஏத்துதேன்."

நான் அப்போதுதான் குளித்துப் பாவாடை மாற்றியிருந்தேன். மறுபடி நனைய வேண்டும். ஒரு குடத்தில் உளுந்து, அதைத் தட்ட வேண்டும். ஒன்று பரணில்.

"காலையில பாத்துக்கிடலாம் சித்தி. ஆறு எங்க போவப்போவுது?"

அது அப்பாவின் வசனம். அப்படியே அவர் குரலில் சொன்னேன். சித்தி குடங்களைப் பார்த்தாள். வாய்க்காலைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"சரி, கெடக்கட்டும்."

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. சித்தி எங்கள் ஊர்க்காரி ஆகிவிட்டாள் என்று நினைத்தேன். ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். "குடத்துக்காரிக்குக் குடம் மறந்துபோச்சும்மா!" அம்மாவும் சிரித்தாள்.

விடிவதற்குள் வாய்க்கால் முற்றத்துக்கு வந்துவிட்டது. தெருவே பள்ளிக்கூடத்து மாடிக்கு ஏறியது. இரண்டு பகல் அங்கேதான் இருந்தோம். அந்த வெள்ளத்தைப் பற்றி நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்ததை.

திரும்பி வந்தபோது வீடு நின்றது. சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக்கோடு. அடுக்களையில் ஆறு குடமும் மூலைக்கொன்றாகக் கவிழ்ந்து, உள்ளே சேறு அப்பிக் கிடந்தன. பின்கதவைத் திறந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார். மேலே கரை உடைந்து, வாய்க்கால் வேறு பக்கமாகப் போய்விட்டது. எங்கள் படிக்குக் கீழே வெறும் சேறு. அதில் ஒரு சாரைப்பாம்பும் யாருடைய அம்மிக்குழவியோ ஒன்றும் கிடந்தன. நான் பிறந்ததிலிருந்து அந்தப் படிக்குக் கீழே தரையைப் பார்த்ததில்லை. எத்தனை படி என்று அன்றைக்குத்தான் எண்ணினேன். பதினொன்று.

ஆறு ஓடியது. செக்கச்செவேலென்று, செத்த மாடுகளை இழுத்துக்கொண்டு. அந்தத் தண்ணீரைத்தான் மொண்டு வந்து, தேத்தாங்கொட்டையை உரசித் தெளியவைத்தோம். விறகு நனைந்துவிட்டது, கொதிக்கவைக்க வழியில்லை. மேலாகத் தெளிந்ததைப் பெரியவர்கள் குடித்தார்கள். கொஞ்சம் பேருக்கு வயிறு போனது. மூன்றாம் நாள் பிள்ளைக்குப் போக ஆரம்பித்தது.

ஸ்ரீவைகுண்டம் ரோடு இரண்டு இடத்தில் அறுந்திருந்தது. தூத்துக்குடி உப்பளத்தில் வேலையாக இருந்த சித்தப்பா வந்து சேர வழியில்லை. விழுந்த தென்னைகளில் கிடைத்த இளநீரைச் சீவிச் சீவிக் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு அது தாக்குப்பிடித்தது. அப்புறம் காய் கிடைக்கவில்லை. மறுநாள் மத்தியானம் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டது. உச்சிக்குழி பள்ளமாகிவிட்டது. தொடைத் தோலைக் கிள்ளினால் கிள்ளிய இடத்திலேயே நின்றது. அம்மா அதைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, முந்தானையால் மூடினாள்.

உப்பும் சீனியும் கலந்த தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். ரேடியோவில் தினமும் சொல்வார்கள். உப்பு இருந்தது. சீனி பக்கத்து வீட்டில் இருந்தது. நல்ல தண்ணீர்தான் இல்லை.

சித்தி பிள்ளையை அம்மா மடியில் கிடத்திவிட்டு எழுந்தாள்.

"அத்தான், அந்த அடிபம்புக் கைப்பிடி எங்க?"

அப்பா கூரையைப் பார்த்தார். "இங்கனதான் மடையில கெடந்துச்சு. வெள்ளம் கொண்டு போயிருக்கும்."

"கடப்பாரை இருக்கா?"

"இருக்கு."

"எடுத்துட்டு வாங்க."

அவள் அப்பாவிடம் அதுவரை அப்படிப் பேசியதில்லை. அவரும் எடுத்துக்கொண்டு நடந்தார். சைக்கிள் கடை அண்ணாச்சி சேற்றுக்குள்ளிருந்து ஸ்பானரைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். சித்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பம்பின் தலையைக் கழற்றினாள். அவள் ஊரில் வாரத்துக்கு ஒருதரம் பெண்களே கழற்றி மாட்டுவார்களாம். கம்பியை வெளியே இழுத்தாள். அடியில் இருந்த தோல் வாஷர் காய்ந்து, முறுக்கு மாதிரி நொறுங்கிக் கையோடு வந்தது.

"இது ஊறணும்னா தினம் அடிச்சிருக்கணும்" என்றாள். பிறகு சுற்றி நின்றவர்களின் கால்களைப் பார்த்தாள். எல்லாரும் வெறுங்கால், அல்லது ரப்பர் செருப்பு. அப்பா மட்டும்தான் தோல் செருப்பு. திருநெல்வேலியில் அளவு கொடுத்துத் தைத்தது. வெள்ளத்தில் அவர் தலைமேல் வைத்துக் காப்பாற்றியது அதை ஒன்றைத்தான்.

"அத்தான், செருப்பைத் தாங்க."

"எதுக்கும்மா?"

"அறுக்கதுக்கு."

யாரோ சிரித்துவிட்டார்கள். அப்பா ஒரு காலை மட்டும் கழற்றினார். "ரெண்டும் வேணுமா?" என்று கேட்டார்.

"ஒண்ணு போதும். இன்னொண்ணு ஒத்தையா உங்களுக்கு எதுக்கு? அதையும் வைங்க. தப்பா அறுத்துட்டா வேணும்."

பழைய வாஷரின் அளவுக்கு அரிவாள்மணையில் வட்டமாக அறுத்து, விளக்கெண்ணெயைத் தேய்த்துத் தேய்த்துப் பதமாக்கினாள். நான் பக்கத்திலேயே எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு குத்தவைத்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஒருதரம் பார்த்தால் தேவலை என்று இருந்தது. திட்டினாலும் தேவலை.

கடப்பாரையைக் கைப்பிடியாகக் கட்டி, மேலே ஆற்றுத் தண்ணீரை ஊற்றி அண்ணாச்சியும் அப்பாவும் மாறி மாறி அடித்தார்கள். முதலில் காற்று. பிறகு ஒரு இருமல். பிறகு கறுப்பாக வந்தது. பிறகு துரு. துரு வெளுக்க வெளுக்க அடித்தார்கள். அப்பாவின் உள்ளங்கை கடப்பாரையில் தோலுரிந்தது. கடைசியில் கண்ணாடி மாதிரி வந்தது. சித்தி கையில் ஏந்தி மோந்து பார்த்து, நாக்கில் வைத்தாள்.

"சப்புன்னு இருக்கா?" என்று எதிர்வீட்டு அத்தை கேட்டாள்.

"ருசியா இருக்கு மயினி."

அதற்குள் வெயிலில் காய்ந்திருந்த கதவுப் பலகை ஒன்றை உடைத்து அடுப்பெரித்துக் கொதிக்கவைத்தோம். ஆறவைத்து, உப்பும் சீனியும் போட்டு, பாலாடையால் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். பாலாடை தெரியும்தானே உங்களுக்கு, மூக்கு நீண்ட அந்தச் சின்னக் கிண்ணம். பிள்ளை முதலில் வழியவிட்டது. பிறகு விழுங்கியது. அவள் நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அம்மா மாற்றிக்கொள்கிறேன் என்றபோதும் கொடுக்கவில்லை. அடுத்த நாள் உச்சிப்பொழுதுக்கு முன்னால், சித்தியின் மடி நனைந்தது.

"அக்கா! மூத்திரம் பெஞ்சிட்டான்! பிள்ளை மூத்திரம் பெஞ்சிட்டான்!"

நனைந்த சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பை, அதற்குப் பிறகு எந்த ஊரிலும் எந்த முகத்திலும் நான் பார்க்கவில்லை. தெருவில் எல்லாரும் வந்து அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார்கள்.

ரோடு சரியானதும் ஒரு அதிகாரி வந்தார். முழுக்கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தெருமுனையில் நின்றார். கடப்பாரை கட்டிய பம்பைப் பார்த்தார்.

"இத்தனை வருஷமா இதை யாரும் கவனிக்கலை. கைப்பிடி காணாமப் போனதைக்கூடச் சொல்லலை. ஊர்க்காரங்களோட மெத்தனம். இதுக்கு வேற பேர் கிடையாது."

கூட்டத்திலேயே அதிகமாகத் தலையாட்டியவர் அப்பாதான். "ஆமா சார், மெத்தனந்தான்" என்றார். வெறுங்காலோடு நின்று சொன்னார். அந்தச் சொல் அவருக்குப் பிடித்துப்போனது. வீட்டுக்கு வந்தும் அது நாக்கிலேயே இருந்தது. சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னார்.

"ஏழு குடம் ஏழு குடம்னு மூணு வருசமா ஊரெல்லாம் பேச்சு. வேணுங்குற நேரத்துக்கு ஒரு குடம் உண்டா? அதுதான் சார் சொன்ன மெத்தனம்."

சித்தி பிள்ளைக்குப் பாலாடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அம்மாதான், "உங்க செருப்பு போன கோவத்தை அவ மேல காட்டாதீங்க" என்றாள். அந்த நேரத்தில் நான் வாய் திறந்து சொல்லியிருக்கலாம். வெள்ளத்துக்கு முந்தின சாயங்காலம் அவள் கேட்டாள், நான்தான் காலையில் என்றேன் என்று. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். சித்தியும் அதைச் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் திறந்தபோது தமிழ் டீச்சருக்கும் அந்தச் சொல் எட்டியிருந்தது. பாளையங்கோட்டையிலிருந்து வந்துபோகிறவர். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, அதிர்ந்து பேசாத குரல். கரும்பலகையில் மெத்தனம் என்று எழுதி, இதை வாக்கியத்தில் அமைத்து எழுதுங்கள் என்றார். என் பக்கத்தில் இருந்தவள், மெத்தனமாக இருந்தால் துன்பம் வரும் என்று எழுதினாள். முன்பெஞ்சுக்காரன், நாம் மெத்தனமாக இருக்கக் கூடாது என்று எழுதினான். நான் சிலேட்டுக்குச்சி காலத்தைத் தாண்டிப் பேனாவுக்கு வந்த புதுசு. மை கசிய எழுதினேன்.

எங்கள் சித்தி ஏழு குடம் வைத்திருந்தாள்.

டீச்சர் நோட்டைக் கையில் எடுத்து வாசித்தார். வகுப்பு சிரித்தது.

"இதிலே மெத்தனம் எங்கம்மா இருக்கு?"

"அதுக்குள்ளதான் இருக்கு டீச்சர்."

அவர் கோபப்படவில்லை. பைய ஒரு சிவப்புக் கோடு போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. கேட்ட சொல்லை எழுதாமல் விட்டால் கோடுதான்.

அதன்பிறகு அந்தச் சொல்லை எத்தனையோ வாயில் கேட்டுவிட்டேன். பனியன் கம்பெனியில் ஒரு பெண்ணின் விரல் மெஷினில் போனபோது சூப்பர்வைசர் சொன்னார். இறால் ஷெட்டில் ஐஸ் உருகியபோது முதலாளி மலையாளத்தில் ஏதோ சொன்னார், அதுவும் இதுவாகத்தான் இருக்கும். எப்போதும் நடந்து முடிந்த பிறகு சொல்வார்கள். எப்போதும் அடுத்தவரைப் பார்த்துச் சொல்வார்கள். உள்ளே இருக்கும்போது யாருக்கும் அது தெரிவதில்லை. அப்போது அதற்குப் பெயர் நிம்மதி. நானும் சித்தியும் ஒரே குடத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்த கோடையை வேறு எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு மனம் வரும்?

வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் குடம் வரிசைகட்டியது. எதிர்வீட்டு அத்தை எட்டு வைத்தாள். அப்பா அடிபம்புக்குப் புதுக் கைப்பிடி வாங்கிப் போட்டுத் தினமும் போய் நாலு அடி அடித்துவிட்டு வருவார். வாய்க்கால் கரையைக் கட்டி, தண்ணீர் வந்தது. அடுத்த கார்த்திகையில் அத்தை வீட்டில் ஐந்து குடம். அதற்கடுத்த வருடம் அதில் ஒன்றில் புளி. நான் பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏறிய வருடம், அடிபம்பில் பிள்ளைகள் மறுபடி குதிரை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஊருக்குப் போனேன். அப்பாவும் அம்மாவும் இல்லை. சித்தப்பாவும் போய்விட்டார். சித்தி தனியாக இருக்கிறாள். அந்தப் பிள்ளை மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். வீட்டுக்குக் குழாய் போட்டு, குடிக்கக் கேன் தண்ணீருக்கு ஏற்பாடு செய்திருக்கிறான். நான் அப்படியே வந்து அப்படியே போகிற ஆள். சாயங்காலக் கடைசி பஸ்ஸில் கிளம்புவதாகச் சொல்லித்தான் உட்கார்ந்தேன்.

காப்பி குடிக்கும்போது கண் பரணுக்குப் போனது. ஆறு குடம் கவிழ்த்து வைத்திருந்தது. ஏழாவது, அந்த நசுங்கினது, பின்கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக்கொடுத்து நின்றது.

"என்னட்டி பாக்கே?"

"ஒண்ணுமில்ல சித்தி. பஸ்ஸுக்கு நேரம் கெடக்கு."

ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினேன். ஒவ்வொன்றாக இறக்கினேன். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். கழுத்தில் வெட்டிய எழுத்து பாதி அழிந்திருந்தது. "உனக்கு என்னட்டி கிறுக்கு? குழாயில ரெண்டு நேரமும் வருதே" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்டுக்கொண்டே பழைய வேட்டியைக் கிழித்து வாய்த்துணியும் தந்தாள். குழாயில் வைத்துப் பிடித்தேன். ஐந்தாவது குடம் நிறைந்ததும் குழாய் ஒரு செருமல் செருமிவிட்டு நின்றது.

சித்தி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"கெடக்கட்டும்ட்டி. காலையில பாத்துக்கிடலாம்."

அவளுக்கு நினைவிருந்து சொன்னாளா, இல்லையா என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

"காலையில எத்தனை மணிக்கு வரும் சித்தி?"

"அஞ்சரைக்கு."

"அப்ப இருந்து பிடிச்சிட்டே போறேன்."

"ஒன் பஸ்ஸு?"

"பஸ் கெடக்கட்டும்."

சித்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். காலியாக இருந்த ஆறாவது குடத்தையும், பின்கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த நசுங்கினதையும் எடுத்து, குழாய்க்கு நேராக ஒன்றன்பின் ஒன்றாக வைத்தாள்.